சுழலும் சக்கரமும் சும்மா நிற்கும் சக்கரமும்



சென்ற வாரம் ஒரு சகோதரியிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய மாமனார் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் உழைத்து ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், மகனுக்கு ஒரு தொழில் அமையட்டும் என்று பழைய போர்வீல் காடி ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார். மகன் அதில் சிறு தோட்டக்காரர்களின் குலைகளை ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். இப்போது அந்தக் காடியின் பின் டிபரன்ஷியல் பூட்டு வேலை செய்யவில்லை. பொத்தானை அழுத்தினால் முகப்பில் விளக்கு விட்டுவிட்டு மினுக்குகிறதாம், நிலையாக எரிவதில்லையாம். பட்டறையில் காட்டியதற்கு, “பின் அச்சையே முழுதாக மாற்ற வேண்டும், நாலாயிரம் வெள்ளி எடுத்து வையுங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். “தாலிக்கொடியை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. வாத்தியாரையா, உங்களுக்கு இதுபற்றி ஏதாவது தெரியுமா?” என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, தாலிக்கொடி கழுத்திலேயே இருக்கட்டும். அச்சை மாற்றுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை பல இருக்கின்றன. அவற்றில் முக்கால்வாசிக்குக் காசே வேண்டாம்.

நான் பட்டறைக்காரன் அல்லன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டு தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். ஆனால் எங்கள் தோட்டத்தில் பல ஆண்டுகளாகப் போர்வீல் ஓட்டும் டிரைவர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் காடிக் கொட்டகை. சனிக்கிழமைகளில் அவர் காடியைக் கழுவும்போது நான் பக்கத்தில் நின்று கேள்வி கேட்பேன். பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகிய வாய் அல்லவா? அப்படிக் கேட்டும், கையேடுகளைப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

“எங்களிடம் காடி இல்லையே, எங்களுக்கு எதற்கு இது?” என்று சிலர் பக்கத்தைப் புரட்டப் பார்ப்பீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். நவம்பர் பிறந்தால் பகாங், ஜொகூர் பக்கம் மழை எப்படிக் கொட்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மேல் லயத்திலிருந்து நோயாளியைக் கீழே கொண்டுவருவதும், மலையடிவாரப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவருவதும் அந்தக் காடிதான். ஓட்டுகிறவர் ஒருவர், உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் நாம். போர்வீல் என்ற பெயருக்கேற்ப, செம்மண் சடக்கில் மழைக்காலம் முழுவதும் அதற்குப் போர்தான்.

முதலில் டிபரன்ஷியல் என்றால் என்னவென்று பார்ப்போம். விளையாட்டுப் போட்டி நாளில் பிள்ளைகள் வரிசையாகக் கைகோத்து அணிவகுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். திடலின் மூலையில் திரும்பும்போது என்ன நடக்கிறது? உள்பக்கம் நிற்கும் பிள்ளை கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே காலை மாற்றுகிறான். வெளிப்பக்கம் நிற்கும் பிள்ளையோ ஓட வேண்டியிருக்கிறது. இருவரும் ஒரே அடி அளவில் நடந்தால் வரிசை உடைந்துபோகும். காடியின் பின் சக்கரங்களும் அப்படித்தான். வளைவில் வெளிச் சக்கரம் அதிகத் தூரம் போக வேண்டும், உள் சக்கரம் குறைந்த தூரம். இரண்டையும் ஒரே கம்பியில் இறுகக் கட்டிவிட்டால் ஏதாவது ஒரு டயர் தேய்ந்துகொண்டுதான் திரும்பும். ஆகவே இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் ஓர் உருண்டைப் பெட்டிக்குள் பல்சக்கரங்களை வைத்து, ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் சுழல வழி செய்திருக்கிறார்கள். 1820-களின் பிற்பகுதியிலேயே பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளி தம் நீராவி வண்டிக்காக இந்த ஏற்பாட்டைப் பதிவு செய்தார். கடிகாரக்காரருக்குத்தான் பல்சக்கரத்தின் மனசு தெரியும் போலும்!

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. அது இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் சமபங்கு முறுக்கைத்தான் கொடுக்கும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இடது சக்கரம் சேற்றில் பிடிப்பில்லாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிப்பில்லாத சக்கரத்தைச் சுழற்ற எவ்வளவு முறுக்கு வேண்டும்? கொஞ்சமே கொஞ்சம். சமபங்கு என்பதால் கெட்டித் தரையில் நிற்கும் வலது சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சம்தான் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு காடியை நகர்த்த முடியுமா? ஆகவே ஒன்று விர்ரென்று சுழல்கிறது, மற்றொன்று சும்மா நிற்கிறது. எக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சேறுதான் பின்னால் வருகிறவர் முகத்தில் அடிக்கும்.

அந்த நேரத்துக்காகத்தான் பூட்டு. பெட்டிக்குள் பற்கள் கொண்ட ஒரு வளையம் நகர்ந்துபோய்க் கவ்விக்கொள்கிறது. அதோடு சமபங்கு முடிந்தது. இரண்டு பின் சக்கரங்களும் ஒரே கம்பியில் கோத்ததுபோல ஒரே வேகத்தில் சுழலும். பிடிப்புள்ள சக்கரம் காடியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். டிரைவர்கள் இதை டிப்-லாக் என்பார்கள். பல டொயோட்டா காடிகளில் அந்த வளையத்தை நகர்த்துவதற்கு ஒரு சிறிய மின் மோட்டார் பின் அச்சின்மீது பொருத்தப்பட்டிருக்கும். மிட்சுபிஷியின் பஜேரோ போன்றவற்றில் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும். வேறு சிலவற்றில் மின்காந்தம். எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: பல்லும் பல்லும் எதிரெதிரே வந்தால்தான் கவ்வும்.

இந்த கடைசி வரியை மறுபடி ஒருமுறை படியுங்கள். சகோதரியின் கேள்விக்குப் பாதி விடை அதில்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்தியவுடன் பற்கள் சரியான இடத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மோட்டார் தன் வேலையைச் செய்துவிட்டு வளையத்தை அழுத்தியபடி காத்திருக்கும். பற்கள் நேருக்கு நேர் வரும்வரை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். கவ்வியவுடன் நிலையாக எரியும். பல காடிகளில் இதுதான் ஏற்பாடு. ஆக, மினுக்குகிற விளக்கு “கெட்டுவிட்டேன்” என்று சொல்லவில்லை. “இன்னும் கவ்வவில்லை” என்று சொல்கிறது. இரண்டுக்கும் நாலாயிரம் வெள்ளி வித்தியாசம்!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் இரவு. எங்கள் தோட்டத்து மேல் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. டிரைவர் அண்ணன் ஊரில் இல்லாததால் ஓர் இளைஞர் காடியை எடுத்து வந்தார். பாதி மலையில் இடது பின் சக்கரம் ஓரக் கானுக்குள் இறங்கிவிட்டது. அவர் பொத்தானை அழுத்தினார், விளக்கு மினுக்கியது. கூட வந்தவர்கள் எல்லாரும், “மிதி, மிதி!” என்று கத்தினார்கள். அவரும் மிதித்தார். சக்கரம் பம்பரமாய்ச் சுழல்கிறது, விளக்கு மினுக்குகிறது, உள்ளே அந்தப் பெண்ணின் முனகல். “டிப்-லாக் செத்துப்போச்சு” என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் பழைய டிராக்டர்காரத் தாத்தா ஒருவர் குடையோடு வந்து, “தம்பி, காலை எடு. எல்லாம் நிற்கட்டும்” என்றார். சக்கரம் நின்றது. லோ கியர் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பிறகு பொத்தானை அழுத்தி, ஒரு சாண் முன்னால், ஒரு சாண் பின்னால் மெல்ல அசைக்கச் சொன்னார். டக்கென்று ஒரு சத்தம். விளக்கு நின்று எரிந்தது. காடி கானைவிட்டு யானை எழுந்ததுபோல எழுந்து வந்தது. அன்று மருத்துவமனையில் பிறந்த பிள்ளை இப்போது எங்கள் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வாய்ப்பாடுதான் வரமாட்டேன் என்கிறது.

தாத்தா செய்ததில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டும் மற்றொன்று நின்றுகொண்டும் இருக்கும்போது பற்கள் எப்படிக் கவ்வும்? கவ்வ முயன்றாலும் பல் உடையும். அதனால்தான் இந்தப் பூட்டுக்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறார்கள். பல காடிகளில் லோ கியரில் போட்டால்தான் பூட்டு விழும். சிலவற்றில் வேறு நிலைகளிலும் விழும். உங்கள் காடிக்கு எது என்பதைக் கையேட்டில் பாருங்கள். வேகமும் நடை வேகமாக, பலவற்றில் மணிக்கு 8 கிலோமீட்டருக்குள், இருக்க வேண்டும். கையேடு இல்லாத பழைய காடி என்றால் அதே வகைக் காடி வைத்திருப்பவரிடம் இரவல் வாங்கிப் படியுங்கள். இரவல் வாங்குவது நமக்கென்ன புதிதா?

சரி, சோதனைக்கு வருவோம். மழை இல்லாத ஒரு நாளில், செம்மண் அல்லது புல் தரையில், சமமான இடத்தில் காடியை நிறுத்துங்கள். தார்ச் சடக்கில் வேண்டாம். லோ கியரில் போடுங்கள். முகப்பில் லோ கியருக்கு உரிய விளக்கு நிலையாக எரிகிறதா என்று முதலில் பாருங்கள். அந்த விளக்கே மினுக்கிக்கொண்டிருந்தால் கோளாறு பின் அச்சில் இல்லை. லோ கியர் விழுந்துவிட்டது என்ற சேதி போகாதவரை பூட்டுக்கு அனுமதி கிடைக்காது. நடுவிலிருக்கும் கியர்ப் பெட்டியின் சுவிட்சையோ அதன் வயரையோதான் பார்க்க வேண்டும். பின் அச்சைக் கழற்றி ஆறு மாதம் தேடினாலும் அங்கே ஒன்றும் கிடைக்காது.

லோ விளக்கு சரியாக எரிந்தால், பூட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு மிக மெதுவாக நகருங்கள். ஸ்டியரிங்கை இடமும் வலமும் இலேசாகத் திருப்புங்கள். இரண்டு சக்கரங்களும் சற்றே வெவ்வேறு வேகத்தில் சுழலும்போது பற்கள் ஒன்றையொன்று தேடிக் கண்டுகொள்ளும். பத்து இருபது மீட்டருக்குள் விளக்கு நின்று எரிந்தால் உங்கள் பூட்டு நன்றாக இருக்கிறது. பட்டறைப் பக்கம் போகவே வேண்டாம்.

விளக்கு எரியவே இல்லையா? சாவியைத் திருப்பும்போது முகப்பு விளக்குகள் எல்லாம் ஒரு கணம் எரிந்து அணைவது வழக்கம். அப்போதும் இந்த விளக்கு மட்டும் எரியாவிட்டால் பல்பாக இருக்கலாம். அடுத்தது பியூஸ். பியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எது எதற்கு என்று படம் போட்டிருக்கும். பழைய பேட்டரியும் பல கோளாறுகளுக்குத் தாய். காடியைக் கிளப்பவே திணறும் பேட்டரி, பின்னால் இருக்கும் மோட்டாருக்கு எங்கிருந்து தெம்பு கொடுக்கும்?

பொத்தானும் விளக்கும் பியூசும் சரி, ஆனால் கவ்வவில்லை என்றால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். இது அந்தி நேரத்தில், வானொலியும் தொலைக்காட்சியும் ஓயும்போது செய்ய வேண்டிய வேலை. என்ஜினை நிறுத்திச் சாவியை மட்டும் திருப்பி வைத்துவிட்டு, ஒருவர் பொத்தானை அழுத்தட்டும். மற்றொருவர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்கட்டும். காடிக்கு அடியில் நுழைய வேண்டாம். பின் அச்சிலிருந்து சிறிய ‘கிர்ர்’ சத்தம் வந்தால் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது, அது சுழலவும் செய்கிறது. ஒரு சத்தமும் இல்லையென்றால் ஒன்று மின்சாரம் வரவில்லை, இல்லையேல் மோட்டார் இறுகிவிட்டது. காற்றுப் பம்பு வகையில் பம்பு சற்றுநேரம் முனகிவிட்டு நிற்க வேண்டும். நிற்காமல் முனகிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. குழாய் நெடுகச் சவர்க்கார நுரையைப் பூசுங்கள், சைக்கிள் டியூப்பில் பார்ப்பதுபோல. குமிழி வரும் இடம்தான் ஓட்டை. பின் அச்சு குதிக்கும்போதெல்லாம் வளையும் அந்த ரப்பர்க் குழாய்தான் முதலில் வெடிப்பு விடும்.

மின்சாரம் வரவில்லை என்றால், நம் தோட்டத்துக் காடிகளில் பத்துக்கு ஏழு எட்டு வயரில்தான் முடியும் என்பது டிரைவர் அண்ணனின் கணக்கு. நானும் அதை நம்புகிறேன். பின் அச்சுக்குப் போகும் வயர், காடியின் வயிற்றோடு போகிறது. செம்பனை மட்டையின் முள் அதைத்தான் கீறும், சேறு அதில்தான் அப்பும், கொட்டகையில் எலி அதைத்தான் கடிக்கும். வயர் மோட்டாரில் சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கவ்வி இருக்கும். அதைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பித்தளைக் குச்சிகள் பளபளவென்று இருக்க வேண்டும். பச்சைக் களிம்பு பூத்திருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். இதற்கென்றே விற்கும் மின்தொடர்பு துப்புரவுத் திரவத்தை அடித்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, காயவைத்து மாட்டுங்கள். எர்த் வயர் இரும்போடு சேரும் போல்ட்டையும் துரு நீக்கி இறுக்குங்கள். வேலை செய்யும்போது சாவி அணைந்திருக்க வேண்டும், முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே அறிவீர்கள். இருந்தாலும் ஆசிரியன் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

மோட்டார் ஏன் இறுகுகிறது? பயன்படுத்தாததால். வீட்டில் ஆண்டுக்கொருமுறை திறக்கும் இரும்புப் பெட்டியின் பூட்டைப் பாருங்கள், அதே கதைதான். உள்ளே கிரீஸ் காய்ந்துவிடும். ரப்பர் வளையத்தைத் தாண்டி ஈரம் நுழைந்து துரு பிடிக்கும். “நான் ஐந்து வருஷமாக அதைத் தொட்டதே இல்லை, புதுசுபோல இருக்கும்” என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். புதுசுபோல இருக்காது ஐயா, கல்லுப்போல இருக்கும்! மாதம் ஒருமுறை மண் தரையில் நேராகப் பத்து இருபது மீட்டர் ஓட்டிப் பூட்டைப் போட்டு எடுத்தால் போதும். நாட்காட்டியில் சம்பள நாளைச் சுற்றி வட்டம் போடுகிறோமே, அதற்குப் பக்கத்திலேயே இதற்கும் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளலாம்.

இனி, மோட்டார் சத்தம் வருகிறது, விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது என்ற நிலை. சகோதரியின் காடி இங்கேதான் நிற்கிறது என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். பூட்டு உண்மையிலேயே விழவில்லையா, விழுந்தும் விளக்குக்குச் சேதி போகவில்லையா? இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை உண்டு. இதைப் பழகிய பெரியவர்கள் இருவர் செய்ய வேண்டும். கெட்டியான சமதரையில் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, அச்சுக்கு அடியில் இரும்புத் தாங்கிகளை நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம். செங்கல் அடுக்கவே வேண்டாம். என்ஜின் அணைந்திருக்க வேண்டும்; கடைசிவரை அதைக் கிளப்பக் கூடாது. கிளப்பிவிட்டால் முன் சக்கரங்கள் காடியைத் தாங்கியிலிருந்து இழுத்துத் தள்ளிவிடும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

லோ கியரில், முதல் கியரில் போட்டு, கைப் பிரேக்கை எடுத்துவிட்டு, ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பூட்டு இல்லாதபோது மற்றச் சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். இப்போது சாவியைத் திருப்பிப் பூட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு, மறுபடி மெதுவாகச் சுற்றுங்கள். பற்கள் சேரும் இடத்தில் டக்கென்று சத்தம் கேட்டு, அதன்பின் இரண்டு சக்கரமும் அசைய மறுத்தால் பூட்டு விழுந்துவிட்டது என்று பொருள். அப்படி விழுந்தும் விளக்கு மினுக்கினால், அச்சின்மேல் திருகியிருக்கும் ஒரு சிறிய சுவிட்சோ அதன் வயரோதான் கெட்டிருக்கிறது. பெருவிரல் அளவுச் சாமான்! அதற்காக முழு அச்சையும் மாற்றச் சொல்வது, சட்டைப் பொத்தான் விழுந்ததற்கு மாப்பிள்ளையை மாற்றச் சொல்வதுபோலத்தான்.

மாறாக, எவ்வளவு சுற்றியும் சக்கரங்கள் எதிரெதிராகவே சுழன்றால் பூட்டு விழவில்லை. அப்போது மோட்டாரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இது வீட்டில் செய்கிற வேலை அல்ல. சில காடிகளில் எண்ணெயை வடித்தாக வேண்டும். திரும்பப் பொருத்தும்போது உள்ளே பல் சரியான நிலையில் அமர வேண்டும். பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஆனால், “மோட்டாரைக் கழற்றி, நேராகப் பேட்டரியில் கொடுத்துச் சுழல்கிறதா என்று என் கண் முன்னால் காட்டுங்கள்” என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல பட்டறைக்காரர் காட்டுவார். முகம் சுளிப்பவராக இருந்தால் டவுனில் வேறு பட்டறையும் இருக்கிறது. மோட்டார் சுழன்று, வயரும் சரியாக இருந்து, அப்போதும் கவ்வவில்லை என்றால்தான் கவ்வும் கவையையும் வளையத்தையும் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் அந்த உறுப்பைத்தான் மாற்றுவார்களே தவிர, எடுத்தவுடனே முழு அச்சு அல்ல.

பழைய காடி வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சேதி. பொத்தான் இருப்பதால் பூட்டு இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். முந்திய சொந்தக்காரர் அச்சை உடைத்துவிட்டு, பூட்டில்லாத பழைய அச்சு ஒன்றை மலிவாக வாங்கிப் போட்டிருக்கலாம். மேலே சொன்ன சோதனையைச் செய்த பிறகு பணத்தை எண்ணுங்கள். பின் டயர்கள் இரண்டும் ஒரே அளவா என்றும் பாருங்கள். ஒன்று புதியது, மற்றொன்று மொட்டை என்றால் பூட்டியிருக்கும்போது அச்சு நேர்ச் சாலையில்கூட முறுக்கிக்கொள்ளும்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடிச் சூடான பின் அச்சு திடீரென்று ஆற்று நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அச்சின்மேல் மூச்சுவிடுவதற்கென்று ஒரு சிறு குழாய் உண்டு. அது சேற்றில் அடைத்திருந்தால், அச்சு தன் ரப்பர் வளையங்கள் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயை எடுத்துப் பார்த்தால் தே தாரேக் நிறத்தில் இருக்கும். அப்படியிருந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். எண்ணெய் விலையைப் பார்த்துத் தள்ளிப்போட்டால் பல்சக்கரத்தின் விலையைக் கொடுக்க நேரும்.

இதுவரை பூட்டு விழாத கதையைச் சொன்னேன். விழுந்த பூட்டு விடாமல் போவதுதான் எனக்கு அதிகம் அச்சம் தருகிறது. பூட்டு விழாவிட்டால் காடி சேற்றில் நிற்கும், நனைவோம், அவ்வளவுதான். பூட்டு விடாமலே தார்ச் சடக்குக்கு வந்துவிட்டால், வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் காடி நேராகத் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். மழை பெய்த தார் என்றால் பின்பக்கம் வழுக்கிச் சுழலவும் கூடும். பல காடிகளில் பூட்டு விழுந்திருக்கும்போது, வழுக்காமல் பிடிக்கும் பிரேக் உதவியும் வேலை செய்யாது. பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு இந்த நிலையில் ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள். பின் தட்டில் ஆள் ஏற்றுவதே எனக்குப் பிடிக்காது. அதைப்பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பொத்தானை அணைத்தும் விளக்கு அணையவில்லை என்றால், பற்கள் முறுக்கில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. மண் தரையிலேயே நில்லுங்கள். நேராகச் சில மீட்டர் பின்னால் போங்கள், பிறகு முன்னால் வாருங்கள், ஸ்டியரிங்கை இலேசாக இடவலம் ஆட்டுங்கள். முறுக்குத் தளர்ந்ததும் பற்கள் விட்டுவிடும், விளக்கும் அணையும். விளக்கு அணைந்த பிறகும் திரும்பும்போது பின் டயர் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தால் விளக்கை நம்பாதீர்கள், டயரை நம்புங்கள். சரிவான மலைப்பக்கத்தில் குறுக்கே போகும்போதும் பூட்டைப் போட வேண்டாம். பூட்டில்லாதபோது ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். பூட்டிவிட்டால் இரண்டும் ஒன்றாக வழுக்கி, காடியின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி இறங்கும்.

இன்னொன்றையும் கேள்விப்படுகிறேன். வயரை மாற்றிக் கட்டி, எந்தக் கியரிலும் எந்த வேகத்திலும் பூட்டு விழும்படி செய்து தருகிறார்களாம். இளைஞர்கள் இதைக் கெட்டிக்காரத்தனமாகப் பேசிக்கொள்கிறார்கள். காட்டுப் பந்தயங்களில் ஓட்டுகிறவர்கள் செய்தால் அவர்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு தங்கள் உயிரோடு விளையாடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் காடியில் அந்த வேலை கூடவே கூடாது. அப்படிக் கட்டியிருக்கும் காடி உங்கள் தோட்டத்தில் இருந்தால் மண்டோரிடமோ கிராணியிடமோ சொல்லுங்கள்.

ஆகவே சகோதரி, உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். முதலில் லோ விளக்கு நிலையாக எரிகிறதா? பிறகு மண் தரையில் மெல்ல இடவலம் ஆட்டிப் பார்த்தாரா? மோட்டார் சத்தம் வருகிறதா? கவ்வியின் உள்ளே பச்சைக் களிம்பு இருக்கிறதா? சக்கரங்களைத் தூக்கிச் சுற்றியபோது அவை எதிரெதிராகச் சுற்றினவா, இறுகி நின்றனவா? இந்த ஐந்துக்கும் விடையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போகச் சொல்லுங்கள். கையில் தாளோடு வருகிறவரிடம் நாலாயிரம் என்று சொல்லப் பட்டறைக்காரருக்குக் கொஞ்சம் வாய் கூசும். அந்த விடைகளை எனக்கும் எழுதுங்கள். மாமனாரின் கால் வலி எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்த இதழில், லயத்து வீட்டுக் கூரையில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டிருக்கும் மூன்று கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.